முடியல, கிளம்பி வா

அப்பு,

கடிதாசின்னா முதல் வரியில "இங்கு அனைவரும் நலம், உங்கள் நலம் அறிய ஆவல்"னு எழுதணும்னு அஞ்சாப்பு வாத்தியார் சொல்லிக் குடுத்தாரு. நான் படிச்சது அம்புட்டுத்தான். அந்த வரியை மட்டும் இன்னைக்கும் பிழையில்லாம எழுதுவேன். கல்யாணமாகி வந்த புதுசுல எங்காத்தாவுக்குப் போட்ட ஒவ்வொரு கார்டுலயும் அதுதான் முதல் வரி. நீ கைப்பிள்ளையா இருக்கையில வயித்தால போயி, பிழைப்பியா மாட்டியான்னு கிடந்த. அன்னைக்குப் போட்ட கார்டுலகூட "இங்கு அனைவரும் நலம்"னு எழுதிட்டு, அதுக்குக் கீழதான் "பிள்ளைக்கு வயிறு சரியில்லை"ன்னு எழுதினேன். இந்தத் தடவை அந்த வரி இல்லாம ஆரம்பிக்கிறேன். பேனாவை எடுத்தா கை தானா அங்கதான் போகுது. பிடிச்சு நிறுத்திட்டு உனக்கு எழுதுறேன்.

கையைப் பத்தி முதல்லயே சொல்லிர்றேன். இடது கை மணிக்கட்டு ஒடிஞ்சிருக்கு. போன வாரத்துக்கு முந்துன வாரம், துவைக்கிற கல்லுகிட்ட பாசி வழுக்கி விழுந்துட்டேன். கட்டுப் போட்டிருக்கு. எழுதுறது வலது கை, அதுக்கு ஒண்ணுமில்ல. என் கையெழுத்து உனக்குத் தெரியும்ல? 'ழ'வுக்கு வாலை இழுத்து அடுத்த எழுத்து மேல விட்டுருவேன், அதைப் பாத்து நீ சின்னதுல சிரிப்ப. இந்தக் கடிதாசியில அதை நல்லாப் பாத்துக்க. நான்தான் எழுதுறேன், வேற யாரும் எழுதித் தரலை. இதை ஏன் இம்புட்டு அழுத்திச் சொல்றேங்கிறது போகப் போக உனக்கே விளங்கும்.

விழுந்த அன்னைக்குப் பக்கத்து வீட்டு சரசுதான் ஓடி வந்து தூக்குனா. ஆட்டோவுல கூட்டிட்டுப் போயி கட்டுப் போட்டுக் கூட்டியாந்து உக்கார வச்சுட்டு, என் போனைக் கையில எடுத்தா. "அக்கா, பூனாவுக்குப் போன் போடுறேன். அம்மாவுக்கு முடியல, கிளம்பி வாங்கன்னு தம்பிகிட்டச் சொல்லிர்றேன்"னா. நான் போட்ட சத்தத்துல அவ போனைக் கீழ போட்டுட்டா. "அந்த வார்த்தையைச் சொல்லாதடி, பாவி! நான் செத்துட்டேன்னு நினைப்பான்!" சரசு அதைப் பொறுக்கி எடுத்துக்கிட்டே, "என்னக்கா, கை ஒடிஞ்சதுக்கா செத்துருவாங்க?"ன்னு கேட்டா. அந்த ஞாயித்துக்கிழமை நீயே கூப்பிட்ட. "நல்லா இருக்கியாம்மா?"ன்னு கேட்ட. கட்டுப் போட்ட கையை மடியில வச்சுக்கிட்டு, "நல்லா இருக்கேன் அப்பு"ன்னு சொன்னேன். "சரி, வச்சிர்றேன்"னு வச்சுட்ட. முன்னெல்லாம் போனை வைக்கும்போதுகூட "வாரேம்மா"ன்னுதான் சொல்லுவ. பூனாவுல இருந்துக்கிட்டே "வாரேம்மா"ன்னு சொல்லுவ. அப்பா போனதுல இருந்து "வச்சிர்றேன்"தான்.

அன்னைக்கு வச்சுட்டு உக்காந்து யோசிச்சேன். நான் நல்லா இருக்கேன்னு சொன்னா நீ நம்ப மாட்ட. முடியலன்னு சொன்னா செத்துட்டேன்னு நினைப்ப. உன்கிட்டச் சொல்றதுக்கு எனக்கு ஒரு வார்த்தைகூட மிச்சமில்லாம நானே பண்ணி வச்சிருக்கேன். அதான் சரசுவோட மக பழைய நோட்டுல இருந்து தாள் கிழிச்சு வாங்கி எழுதுறேன். இதை யாரு படிச்சாலும் படிக்கட்டும். உறையில விலாசம் எழுதப் போறவ சரசுதான், அவ படிக்காம ஒட்ட மாட்டா.

நம்ம வீட்டுல பாதிப் பேச்சு உள்ளதுக்கு மாத்தாத்தான் இருக்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். அரிசி தீந்துருச்சுன்னு சொல்லக் கூடாது, நிறைஞ்சிருக்குன்னு சொல்லணும். விளக்கை அணைன்னு சொல்லக் கூடாது, குளிர வைன்னு சொல்லணும். வளையல் உடைஞ்சா பெருகிருச்சுன்னு சொல்லணும். பொழுது சாஞ்சா பாம்புன்னு சொல்லக் கூடாது, பூச்சின்னு சொல்லணும். எங்காத்தா வீட்டுல இருந்து நான் சீரா கொண்டாந்த பாத்திரம் பண்டமெல்லாம் நெளிஞ்சு போச்சு, இந்தப் பேச்சு மட்டும் நெளியாம இருந்துச்சு. நீ ஒண்ணாப்புப் படிக்கையில ஒருநாள் சாயங்காலம் எதுத்த வீட்டுப் பொண்ணு ஒரு உழக்கு அரிசி கைமாத்தாக் கேட்டு வந்தா. அதுக்கு ஒரு நிமிசம் முந்திதான் நான் உங்கப்பாகிட்ட, "அரிசி நிறைஞ்சிருக்கு, வாங்கியாங்க"ன்னு சொல்லியிருந்தேன். நீ ஓடிப்போயி, "எங்க வீட்டுல நிறைஞ்சிருக்கு, வாங்கக்கா"ன்னு அவ கையைப் பிடிச்சு உள்ள கூட்டியாந்துட்ட. அவ பானைக்குள்ள எட்டிப் பாத்துட்டு என் மூஞ்சியைப் பாத்தா. எனக்கு எங்க போயி முட்டிக்கிறதுன்னு தெரியல. அவ போனதும் நீ கேட்ட: "நிறைஞ்சிருக்குன்னா இல்லைன்னா அர்த்தம்? அப்ப நிஜமாவே நிறைஞ்சிருந்தா என்னம்மா சொல்லுவ?" உங்கப்பா விழுந்து விழுந்து சிரிச்சாரு. "ஏலே, ஒங்காத்தா பேச்சைத் திருப்பிப் போட்டுப் படிக்கணும்டா, சட்டையை உள்பக்கமாத் திருப்பிப் போடுற மாதிரி"ன்னாரு. நீ சிரிக்கல. நீ அப்பவே அப்படித்தான். சொன்னதைச் சொன்னபடி நம்புற பிள்ளை.

அவரு மட்டும் என்ன, வாய்க்கு வாய் என்னைக் கேலி பேசுவாரு, ஆனா வண்டி எடுக்கும்போது "எங்க போற?"ன்னு யாராச்சும் கேட்டுட்டா அம்புட்டுத்தான். குட்டியானை வண்டியில பூ மூட்டையை ஏத்திட்டு, சாவியைத் திருகப் போற நேரம் உன் சித்தப்பா வந்து கேட்டுட்டாருன்னு ஒருநாள் வண்டியை விட்டு இறங்கி, உள்ள வந்து, ஒரு சொம்புத் தண்ணி குடிச்சு, கால் மேல கால் போட்டு உக்காந்துட்டாரு. பூ வாடுதேன்னு நான் கத்துறேன். "இருடி. எங்க போறேன்னு கேட்டுட்டான். இப்பப் போனா திண்டுக்கல் இருந்த எடத்துல இருக்காது"ன்னாரு. ரெண்டு பேரும் ஒரே மாதிரித்தான் பயந்தோம். அவரு பயத்துக்குச் சிரிப்பு மாட்டி விட்டுருவாரு, எனக்கு அது வரலை.

இந்தப் பேச்செல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னு நீ கேப்ப. படிச்சவங்க என்னமோ சொல்லட்டும், எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். எவளோ ஒருத்தி ஒருநாள் அரிசி இல்லைன்னு வாய்விட்டுச் சொல்லியிருப்பா, அந்த வருசம் மழையும் இல்லாமப் போயிருக்கும். அவ மக அந்த வார்த்தையைத் தொடப் பயந்திருப்பா. அந்தப் பயம்தான் கை மாறிக் கை மாறி எங்காத்தாகிட்ட வந்து, என்கிட்ட வந்துச்சு. பேச்சைக் குடுத்தவங்க பயத்தையும் சேத்துக் குடுத்தாங்க. எதுக்குப் பயந்தாங்கன்னு மட்டும் சொல்லிக் குடுக்கல.

இப்ப அந்த ஒரு வார்த்தைக்கு வாரேன். "முடியல, கிளம்பி வா."

உனக்கு ரெண்டு வயசு முடியல. ஒருநாள் காலையில என் அக்கா வீட்டுக்காரர், உன் பெரியப்பா, வேர்க்க விறுவிறுக்க வந்து வாசல்ல நின்னாரு. "மாமாவுக்கு ஒடம்புக்குக் கொஞ்சம் முடியல ஆத்தா. கிளம்பி ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ"ன்னாரு. காப்பித் தண்ணி வைக்கட்டுமான்னேன், வேண்டாம்னுட்டாரு. அதுலயே எனக்குத் தெரிஞ்சிருக்கணும், துக்கம் சொல்ல வந்தவங்க வீட்டுல பச்சைத் தண்ணி குடிக்க மாட்டாங்கன்னு. எனக்குத் தோணலை. உன்னை இடுப்புல தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டேன். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல எறங்கி எங்க ஊர் பஸ்ஸுக்கு நிக்கையில, எங்கப்பாவுக்கு வாய்க்குப் பிடிக்குமேன்னு கமலா ஆரஞ்சு வாங்கப் போனேன். பெரியப்பாவும் கூடவே வந்தாரு. பழக்காரன்கிட்ட, "அமுக்கிப் பாத்துப் போடுப்பா, சீக்காளிக்குக் கொண்டு போறோம்"னு அவரே ஒவ்வொண்ணாப் பொறுக்கினாரு. ஒரு ரொட்டியும் வாங்கினேன். பஸ்ஸுல நீ பழத்தைக் கேட்டு அழுத. "தாத்தாவுக்குடா, தாத்தா உனக்குச் சுளை உரிச்சுத் தருவாரு"ன்னு சொல்லி உனக்கு ஒண்ணுகூடத் தரலை. ஊரு முக்குல எறங்குனதும் கொட்டுச் சத்தம் கேட்டுச்சு. பெரியப்பா மூஞ்சியைப் பாத்தேன். அவரு துண்டால வாயைப் பொத்திக்கிட்டாரு. எங்கப்பா முந்தின நாள் பொழுது சாய்றப்பவே போயிட்டாராம்.

காரியமெல்லாம் முடிஞ்சு நாள் கழிச்சு நான் அவருகிட்டச் சண்டைக்குப் போனேன். "செத்துப்போனவருக்குப் பழம் பொறுக்கினீங்களே, உங்களுக்கு மனசு இருக்கா?"ன்னு கேட்டேன். அவரு சொன்னாரு: "நான் உள்ளதைச் சொல்லியிருந்தா நீ பஸ் ஸ்டாண்டுலயே விழுந்திருப்ப. ஒரு கையில பிள்ளை, ஒரு கையில நீன்னு நான் எப்படித் தூக்கியாறது? நம்ம பக்கமெல்லாம் இப்படித்தான் ஆத்தா சொல்றது. முடியல, கிளம்பி வான்னா கேக்கிறவுகளுக்கே தெரிஞ்சுபோகும். பாதித் தெரியும், பாதித் தெரியாது. அந்தத் தெரியாத பாதியை வச்சுக்கிட்டு ஊரு வந்து சேந்துருவாக." அது எப்படி வந்துச்சுன்னும் ஒரு கதை சொன்னாரு. முன்னாடி அவுக ஊர்ல ஒருத்தன் கிணத்துக்குள்ள தூர் வாரிக்கிட்டு இருந்தானாம். மேல நின்னவன் ஒருத்தன் யோசிக்காம, "ஒங்காத்தா செத்துப்போச்சுடா!"ன்னு கத்திட்டானாம். கேட்டவன் பதறிப்போயி ஏறும்போது படிக்கல்லுல கால் வழுக்கி, ஒரே வீட்டுல ரெண்டு பாடை கட்டினாகளாம். அன்னையில இருந்து அந்தச் சேதியை அப்படியே சொல்றதில்லையாம். இதே கதையை சின்னாளப்பட்டியில ஒரு அம்மா தன் ஊர்ல நடந்ததா எனக்குச் சொல்லியிருக்கு. சத்துணவுக் கூடத்துல என்கூட வேலை பாத்தவ அவ ஊருக் கிணறுன்னு சொல்லியிருக்கா. எந்தக் கிணறு நிசமோ தெரியாது. ஊருக்கு ஊரு ஒரு கிணறு இருக்கு.

எனக்கு அவரு மேல கோவம் ஆறிருச்சு அப்பு. ஏன்னா யோசிச்சுப் பாத்தா, பஸ்ஸுல உக்காந்திருந்த அந்த ரெண்டு மணி நேரமும் எனக்கு எங்கப்பா உசுரோட இருந்தாரு. பழத்தை மடியில வச்சுக்கிட்டு, அவரு என்ன பேசுவாரு, உன்னைப் பாத்து எப்படிச் சிரிப்பாருன்னு நினைச்சுக்கிட்டே போனேன். பெரியப்பா எனக்கு அந்த ரெண்டு மணி நேரத்தைக் குடுத்தாருன்னு நினைச்சுக்கிட்டேன். அதை நல்லதுன்னே நினைச்சுட்டேன். அங்கதான் நான் தப்புப் பண்ணினது.

உங்கப்பாவை மதுரையில பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு, நுரையீரல் கெட்டுப்போச்சு, இனி திரும்பாதுன்னு டாக்டர் சொன்னாரு. எத்தனை நாளுன்னும் சொன்னாரு. திரும்பி வரும்போது பஸ்ஸுல நாங்க ரெண்டு பேரும் அதைப் பேசிக்கல. கடலை வாங்கித் தின்னுக்கிட்டே வந்தோம். வீட்டுலயும் அதுக்குப் பேரு வைக்கல, "அந்தச் சமாச்சாரம்"னுதான் சொல்லிக்கிட்டோம். தெருவுல கேட்டவங்களுக்குச் சளின்னு சொன்னேன். உனக்கும் சளின்னு சொன்னேன். "சளி எதுக்கும்மா இம்புட்டு நாளு?"ன்னு கேட்ட. "பனிக்காலம்ல"ன்னேன். பனி போயி வெயில் வந்துச்சு. "நான் லீவு போட்டு வரவா?"ன்னு ஒருவாட்டி கேட்ட. "எதுக்கு அலையிற, பள்ளிக்கூடம் லீவு விட்டதும் எல்லாருமா வாங்க"ன்னுட்டேன். பாப்பாவுக்கு மூணு வயசுதான், அதுக்கு எந்தப் பள்ளிக்கூடம்? நீயும் அதைக் கேக்கல.

அன்னைக்குப் புதன்கிழமை. காலையில பத்து மணி இருக்கும். கஞ்சியில ரெண்டு வாய் குடிச்சுட்டு, சூடா இருக்குன்னு சொன்னாரு. ஆத்திக் கொண்டாரேன்னு அடுப்படிக்குப் போனேன். வந்து பாத்தா தலை சாஞ்சு கிடக்கு. சரசு வீட்டுக்காரர்தான் உன் நம்பரைப் போட்டுக் குடுத்தாரு. அவரே சேதியைச் சொல்லிர்றேன்னாரு, நான்தான் பேசுவேன்னு போனை வாங்கிக்கிட்டேன்.

"அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல அப்பு, கிளம்பி வா"ன்னேன்.

"எம்புட்டு முடியல?"ன்னு கேட்ட.

"கொஞ்சம்தான்."

"போனை அப்பாகிட்டக் குடும்மா."

நான் அவரைப் பாத்தேன். பக்கத்துலதான் கிடந்தாரு. கண்ணைக்கூட இன்னும் யாரும் மூடி விடல.

"தூங்குறாரு"ன்னேன்.

"சரி, எழுப்பாத. தூங்கட்டும்"னு நீ சொன்ன.

அதைச் சொன்னது இன்னும் என் காதுக்குள்ள இருக்கு. அடுப்படியில, கொல்லையில, கடைக்குப் போற வழியில, எங்க நின்னாலும் கேக்குது. எழுப்பாத, தூங்கட்டும்.

நம்ம பக்கத்துப் பிள்ளைதானே, பாதி தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். நீ படிக்கப் போனது, வேலைக்குப் போனது எல்லாம் வெளியூரு. இந்தப் பேச்சை உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நான் சொல்லிக் குடுக்கல. கொஞ்சம்தான் முடியலன்னு நம்பி, மருமகளையும் பாப்பாவையும் விட்டுட்டு நீ மட்டும் கிளம்பிட்ட. சென்னை வரைக்கும் பிளைட்டு, அங்க இருந்து பஸ்ஸு. மறுநாள் காலையில தெரு முக்குல எறங்குன. கையில பெரிய அட்டைப் பெட்டி. மூச்சு விடுறதுக்கு வைக்கிற மெஷினாம், சென்னையில எறங்கித் தேடி வாங்கியிருக்க. தெருவுல பந்தலையும் நாற்காலியையும் பாத்துட்டு, யாரு வீட்டுலயோன்னு நினைச்சு ஓரமா ஒதுங்கி நடந்து வந்தியாமே, சரசு சொன்னா. நம்ம வாசலுக்கு வந்ததும்தான் நின்ன. அப்பப் பாத்து உன் போன் அடிச்சுச்சு. பக்கத்துல நின்னவங்களுக்கெல்லாம் அந்தப் பேச்சு கேட்டுச்சு. "சார், நீங்க கேட்ட பெட்டு ரெடி. பேஷண்டை எப்பக் கூட்டிட்டு வாரீங்க?" வழியெல்லாம் நீ மதுரைக்குப் போன் போட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில இடம் பிடிச்சிருக்க. "வேண்டாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வச்ச. அந்தப் பெட்டியைக் கீழ வைக்காம அப்படியே நின்ன. நான் வத்தலக்குண்டு ஆரஞ்சோட நின்ன மாதிரியே நின்ன.

எங்கப்பா செத்தப்ப எனக்குக் கிடைச்சது ரெண்டு மணி நேரம்னு நினைச்சேன்ல? உனக்கும் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் குடுத்தேன்னு நினைச்சேன். நீ அந்த நேரத்துல ஒரு நிமிசம்கூடச் சும்மா இருக்கலை. அவரைக் காப்பாத்த ஓடியிருக்க. நான் உனக்குக் குடுத்தது அதுதான், செத்தவரைக் காப்பாத்துற வேலை.

எல்லாம் முடிஞ்சு சாயங்காலம் நீ கேட்ட, "நேத்து நான் பேசுறப்பவே...?" நான் தலையை ஆட்டினேன். "தூங்குறாருன்னு சொன்னியேம்மா." அம்புட்டுத்தான் நீ கேட்டது. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு நீ கிளம்புனப்ப, பையைத் தோள்ல மாட்டிட்டு வாசல் நிலைகிட்ட நின்ன. நான் மூலையில உக்காந்திருந்தேன். என்னைப் பாத்து வாயைத் திறந்த. அதுக்குள்ள உன் பெரிய மாமா, "துக்க வீட்டுல வாரேன்னு சொல்லக் கூடாதுப்பா, சொல்லாமப் போ"ன்னு சத்தம் போட்டாரு. நானும் சுவத்துப் பக்கமாத் திரும்பிக்கிட்டேன், அதுதான் முறைன்னு. திரும்பிப் பாத்தப்ப நிலை காலியா இருந்துச்சு. அன்னைக்கு நீ என்ன சொல்ல வாயைத் திறந்தங்கிறது எனக்குத் தெரியல. முறைக்காகச் சொல்லாமப் போனியா, என் மேல கோவத்துல சொல்லாமப் போனியா? எட்டு மாசமா எனக்கு இதுதான் கேள்வி. ஞாயித்துக்கிழமை போன்ல கேட்டுரலாம்னு நினைப்பேன். நீ "நல்லா இருக்கியா"ம்ப, நான் "நல்லா இருக்கேன்"ம்பேன், அதோட போன் முடிஞ்சிரும்.

ஒண்ணு பாத்தியா? எனக்குத் தாலியை எடுத்த அன்னைக்கு ஒருத்தரும் பெருகிருச்சுன்னு சொல்லல. வளையலை உடைன்னு சொன்னாங்க, பொட்டை அழின்னு சொன்னாங்க. வாழ்நாள் பூரா எந்த வார்த்தைக்கு ஒளிஞ்சேனோ, அம்புட்டு வார்த்தையையும் அன்னைக்கு ஒரே மூச்சுல என் தலைமாட்டுல நின்னு சொல்லிட்டாங்க. ஒளிஞ்சதால ஒண்ணும் வராம நிக்கல.

இன்னொண்ணு இருக்கு. இதைச் சொன்னா நீ வச்சிர்றேன்னு சொல்றதையும் நிறுத்திருவியோன்னு பயமா இருக்கு. ஆனா இதை எழுதலைன்னா மத்ததெல்லாம் எழுதியும் பிரயோசனமில்ல.

அவரு போறதுக்கு ஆறு நாளைக்கு முந்தி, வியாழக்கிழமை காலையில, வாசல்ல பிளாஸ்டிக் நாற்காலியில வெயிலுக்கு உக்காந்திருந்தாரு. மூச்சு வாங்கிக்கிட்டே, "இந்தா புள்ள, அவனைக் கிளம்பி வரச் சொல்லு"ன்னாரு.

"அந்த வார்த்தையை வாயில எடுக்காதீங்க"ன்னேன்.

"ஏன்டி, செத்த பெறகு சொல்றதை உசுரோட இருக்கையில சொன்னா என்ன? வந்து என்கூட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போகட்டுமே. செத்தவன்கிட்ட வந்து அவன் என்னத்தைப் பேசுவான்?"

"அதெல்லாம் அப்படிக் கூப்பிட்டா பலிச்சிரும். சும்மா இருங்க."

அவரு சிரிச்சாரு. சிரிப்புல இருமல் வந்துருச்சு. இருமி முடிச்சுட்டு, "சரி, ஆடு வாங்க அய்யலூர் சந்தைக்கு ஆள் வேணும், அதுக்கு வாடான்னு சொல்லு. எதையாச்சும் சொல்லி வரச் சொல்லு"ன்னாரு. சொல்றேன்னு சொன்னேன். மறுநாள், "சொன்னியா?"ன்னு கேட்டாரு. சொன்னேன், வாரேன்னு சொல்லியிருக்கான்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை நீ கூப்பிட்டப்ப அவரு அசந்து கிடந்தாரு, நீயும் எழுப்ப வேண்டாம்னுட்ட. திங்கக்கிழமையும் செவ்வாக்கிழமையும் வாசல்ல எந்த வண்டி நின்னாலும் தலையைத் தூக்கிப் பாத்தாரு.

அவருகிட்டயும் பொய், உன்கிட்டயும் பொய். நடுவுல நான் ஒருத்தி நின்னுக்கிட்டு, ஒரு வார்த்தைக்குப் பயந்து, உங்க ரெண்டு பேரையும் பேச விடாமப் பண்ணிட்டேன். அவரு உன்னைக் கூப்பிட்டாரு அப்பு. உன்னைப் பாக்க ஆசைப்படாமப் போகலை. அதை மட்டுமாச்சும் நீ தெரிஞ்சுக்கணும்.

உனக்குப் புத்தி சொல்ற அளவுக்கு நான் ஒழுங்கா நடந்துக்கல. இருந்தாலும் தாய்னு ஒருத்தி இருக்கேன், ரெண்டு வார்த்தை சொல்லிர்றேன். பாப்பாவுக்கு இப்பத்தான் பேச்சு நல்லா வருது. விளக்கைக் குளிர வைன்னு சொல்லிக் குடுக்கணும்னா குடு, அது அழகாத்தான் இருக்கு. வாரேன்னு சொல்லிட்டுப் போகவும் சொல்லிக் குடு. ஆனா வயிறு வலிச்சா வலிக்குதுன்னு சொல்லச் சொல்லு. பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லச் சொல்லு. மருமக ஒருநாள் முகம் வாடி, "ஒண்ணுமில்ல"ன்னு சொன்னா அதோட விட்டுட்டுப் போகாத, இன்னொருதரம் கேளு. நீ என் வயித்துப் பிள்ளை, உனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டியிருக்கும். வேலையில கஷ்டம்னா என்கிட்டச் சொல்லு. கேட்டு நான் ஒடிஞ்சு போக மாட்டேன். கைதான் ஒடிஞ்சிருக்கு.

எழுதி எழுதி இந்த நோட்டுத் தாளும் முடியப் போகுது. இனி உள்ளதை உள்ளபடி எழுதுறேன், மாத்தாம.

வீட்டுல அரிசி இல்ல. சரசு சோறு கொண்டாந்து தர்றா, ஒரு கையால என்னால வடிக்க முடியாது. உங்கப்பா செத்துட்டாரு. இதை நான் இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதுறேன், வாயால இன்னும் சொன்னதில்ல. நான் நல்லா இல்ல. சாகக் கிடக்கல, அப்படி ஒண்ணுமில்ல. ஆனா நல்லா இல்ல. காலையில ரெண்டு டம்ளர் எடுத்து வச்சுட்டு ஒண்ணைத் திரும்பக் கமுத்துறேன். டிவியைப் போட்டுட்டு அது பேசுறதுக்கு நான் பதில் சொல்றேன். ஞாயித்துக்கிழமைக்காக ஆறு நாள் உக்காந்திருக்கேன், ஞாயித்துக்கிழமை வந்து ரெண்டு நிமிசத்துல போயிருது.

எனக்கு முடியல. கிளம்பி வா, அப்பு.

பயப்படாத. செத்துப்போனவ கடிதாசி எழுத மாட்டா. 'ழ'வோட வாலை இன்னொருதரம் பாத்துக்க. இது உசுரோட இருக்கிறவ கூப்பிடுறது. உங்கப்பா கூப்பிடச் சொன்ன மாதிரிக் கூப்பிடுறேன். மருமகளையும் பாப்பாவையும் கூட்டிட்டு வா. கோவம் இருந்தா அதையும் கூட்டிட்டு வா, என் முன்னால உக்காந்து திட்டு. திரும்பிப் போகும்போது வாரேம்மான்னு சொல்லிட்டுப் போ. யாரு என்ன முறை பேசினாலும் நான் சுவத்துப் பக்கம் திரும்ப மாட்டேன்.

வரும்போது வத்தலக்குண்டுக்கெல்லாம் போக வேண்டாம், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுலயே விப்பாங்க, ஆரஞ்சு வாங்கிட்டு வா. அமுக்கிப் பாத்து வாங்கு. நான் இருந்து சாப்பிடுறேன்.

அம்மா